வராமல் போனவர்களைச் சோம்பேறிகள் என்று எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். திருகோணமலையில் புதிது புதிதாக ஜிம் திறக்கிறார்கள், சனம் காசு கட்டிச் சேருகிறது, இரண்டு மாதத்தில் நின்றுவிடுகிறது, நம்மவர்களுக்குச் சோம்பல், மன உறுதி இல்லை என்று எழுதியவர் முடித்திருந்தார். அந்த முடிவு பிழை. யார் வருகிறார்கள், யார் நிற்கிறார்கள், எப்போது நிற்கிறார்கள் என்று பார்ப்பதுதான் என் தொழில் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் உவர்மலையில் வசிக்கிறேன். கொழும்பில் தலைமையகம் வைத்துப் பல ஊர்களில் கிளை நடத்தும் ஒரு உடற்பயிற்சிக் கழக நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே மூத்த தரவுப் பகுப்பாய்வாளராக வேலை செய்கிறேன். உறுப்பினர் ஒருவர் வாசலில் அட்டையைத் தொட்டால் கணினியில் ஒரு வரி விழும். உறுப்பினர் இலக்கம், கிளை, திகதி, நேரம், அவ்வளவுதான். அப்படி விழும் இலட்சக்கணக்கான வரிகளைக் கூட்டிப் பிரித்து, திங்கட்கிழமைதோறும் மேலிடத்துக்கு அறிக்கை கொடுப்பது என் பொறுப்பு. அந்த வரியில் ஒருவர் வந்தது இருக்கும். வராதது இருக்காது. ஏன் வரவில்லை என்பதற்கு அங்கே கட்டமே கிடையாது. கட்டம் இல்லாத இடத்தை ஆளாளுக்குத் தங்கள் மனதில் உள்ளதைப் போட்டு நிரப்புகிறார்கள். அதில் ஆகச் சுலபமாக வந்து விழுவது 'சோம்பேறித்தனம்'.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் கிளை ஒன்றில் பெண்களுக்கு மட்டும் என்று காலை 9.30க்கு ஒரு வகுப்பு இருந்தது. வேலைக்குப் போகும் பெண்களும் வரட்டும் என்று அதைப் பின்னேரம் 3.30க்கு மாற்றினார்கள். நல்லதை நினைத்துத்தான் செய்தார்கள். ஆனால் சில வாரங்களுக்குள் ஒரு கூட்டம் பெண்கள் அப்படியே நின்றுபோனார்கள். கிளையிலிருந்து வந்த மாத அறிக்கையில் அதற்குக் காரணம் 'ஆர்வக் குறைவு' என்று எழுதியிருந்தது.

நின்றவர்களின் பழைய வரிகளை எடுத்துப் பார்த்தேன். ஒருவருடையது கிட்டத்தட்ட இப்படி இருந்தது (ஆள் அடையாளம் தெரியாதபடி நிமிடங்களைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்). திங்கள் 9.26, புதன் 9.31, வெள்ளி 9.24. அடுத்த வாரம் திங்கள் 9.28, புதன் 9.25, வெள்ளி 9.33. மாதக்கணக்கில் இதே ஒழுங்கு. பள்ளிக்கூட விடுமுறைக்கு மட்டும் ஒரு இடைவெளி. தவணை தொடங்கிய திங்கட்கிழமையே திரும்பவும் 9.27. ஆர்வம் குறைந்தவரின் வரவு இப்படி இருக்காது. அவர் முதலில் வெள்ளியை விடுவார், பிறகு புதனையும் விடுவார், 9.30க்கு வந்தவர் பத்து மணிக்கு வருவார், மெல்ல மெல்லத் தேய்ந்துதான் போவார். இந்தப் பெண் தேயவே இல்லை. நேரம் மாறிய அந்த வாரத்தோடு ஒரேயடியாக நின்றார்.

கிளையின் முன்மேசையில் வேலை செய்யும் தங்கச்சியிடம், "நின்றவர்களுக்கு ஒரு கோல் எடுத்துப் பாருங்கோ. காசைப் பற்றி ஒன்றும் கதைக்க வேண்டாம், ஏன் வரவில்லை என்று மட்டும் கேளுங்கோ" என்று சொன்னேன். அவர் கேட்டு எழுதி அனுப்பிய முதல் பதில்: "மூன்றரைக்கு நான் அங்க வந்தா பிள்ளையை ரியூசனுக்கு ஆர் மிஸ் கொண்டுபோய் விடுறது?" மற்றவர்களும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, சமையலுக்கு முன்னால் கிடைக்கும் ஒன்றரை மணித்தியாலம்தான் அவர்களுக்கென்று இருந்த நேரம். அதைத்தான் நாங்கள் எடுத்துவிட்டோம். வகுப்பு திரும்பக் காலைக்கு வந்தது, அவர்களில் பெரும்பாலானோரும் வந்தார்கள். இந்தப் பெண்களுக்கா மன உறுதி இல்லை?

2022ஐயும் நினைத்துப் பாருங்கள். பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசையில் நின்றோம். ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரம் 4 லீற்றர். அந்த மாதங்களில் யார் யார் நிற்கக்கூடும் என்று கணிக்கும் மென்பொருளில் கிட்டத்தட்ட எல்லாப் பெயரும் சிவப்பு. இருக்கும் 4 லீற்றரில் ஒரு மனிதன் வேலைக்குப் போவானா, எடை தூக்கப் போவானா? அந்தக் காலப்பகுதியைத் தனியாகக் குறித்து, பின்னர் செய்த கணக்குகள் எல்லாவற்றிலிருந்தும் விலக்கிவைத்தோம். விலக்காமல் விட்டிருந்தால் அந்த வருடம் முழு நாடும் சோம்பேறி என்றுதான் கணினி சொல்லியிருக்கும்.

நோன்பு மாதத்திலும் இதே சிக்கல் உண்டு. ரமழான் ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முன்னால் நகரும். சென்ற வருட மார்ச்சையும் இந்த வருட மார்ச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து 'வரவு விழுந்துவிட்டது' என்று பதறும் முகாமையாளர்களைப் பார்த்திருக்கிறேன். விழவில்லை, பின்னேரம் ஐந்து மணிக்கு வந்தவர்கள் தராவீஹ் தொழுகை முடிந்து இரவு வர ஆசைப்பட்டார்கள், கதவு பூட்டியிருந்தது. முஸ்லிம் மக்கள் அதிகம் வாழும் கிண்ணியாவும் மூதூரும் பக்கத்தில் இருக்கும் நம் ஊரில் ஜிம் நடத்துகிறவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒரு மாதம் இரவு பதினொரு மணிவரை திறந்துவைக்கிறவர்கள் எத்தனை பேர்?

சரி, இனிக் காசு விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை.

ஸ்டெஃபனோ டெல்லவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் உறுப்பினர்கள் 7,752 பேருடைய மூன்று வருட வரவைப் பார்த்து 2006இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் பலருக்குத் தெரிந்த ஆய்வு. மாதம் 70 டொலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் வந்தார்கள். அதாவது ஒரு வரவுக்கு 17 டொலருக்கு மேல். அதே ஜிம்மில் பத்து வரவுக்கான அட்டை வாங்கியிருந்தால் ஒரு வரவு 10 டொலருக்கே முடிந்திருக்கும். கடைசியாக வந்த நாளுக்கும் அங்கத்துவத்தை முறித்த நாளுக்கும் இடையில் சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் சும்மா காசு போயிருக்கிறது.

இதை வாசிக்கிறவர்கள் 'பார், அமெரிக்கனும் சோம்பேறிதான்' என்று சொல்லலாம். எனக்கு இதில் தெரிவது வேறு. சேருகிற நாளில் எல்லாரும் வரப்போகும் நாட்களைக் கூட்டித்தான் நினைப்பார்கள், அது மனித இயல்பு. அந்த இயல்பைத் தெரிந்துகொண்டு அதற்கு விலை போடுவது வியாபாரம். காசு கட்டிவிட்டு வராமல் இருப்பவர்களை எங்கள் தொழிலில் 'உறங்கும் உறுப்பினர்' என்பார்கள். அவர்களைத் தட்டி எழுப்பாதே, கோல் எடுத்தால் முறித்துவிடுவார்கள் என்று அறிவுரை சொல்கிறவர்களும் உலகம் முழுக்க இருக்கிறார்கள். வராதவர் கருவியைத் தேய்ப்பதில்லை, குளிரூட்டியின் காற்றைச் செலவழிப்பதில்லை, ஆனால் காசு வந்துகொண்டே இருக்கும். இப்படி அவர் வராமல் இருப்பதில் இலாபம் பார்த்துவிட்டு, வரவில்லை என்று அவரையே குறை சொல்வது நியாயமா?

நம் ஊரில் நடப்பது இதைவிட நேரடியானது. மாதக் கட்டணத்தைக் கூட்டிச் சொல்லி, ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பெரிய கழிவு என்பார்கள். என் மாமிக்கு அப்படித்தான் நடந்தது. சீனி வருத்தம், கிளினிக்கில் டொக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். மாமி நகரத்தில் ஒரு ஜிம்மில், கழிவு கிடைக்கிறதே என்று ஒரு வருடக் காசைக் கட்டிச் சேர்ந்தார். அவர் போகக்கூடிய நேரத்தில் அங்கே பெண் பயிற்றுநர் யாரும் இல்லை. இருந்த தம்பி மரியாதையான பிள்ளை, அதனாலேயே தள்ளி நின்று வாயால் மட்டும் சொன்னார். சைக்கிள் இருக்கையின் உயரம் மாமிக்குப் பொருந்தவில்லை, முழங்கால் நொந்தது, இருக்கையைக் கொஞ்சம் இறக்கித் தரச் சொல்லிக் கேட்கக் கூச்சம். கொஞ்ச நாள் போனார், நின்றார். அந்த வருடம் முழுக்க அங்கிருந்து ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வருடம் முடிய ஒரு குறுஞ்செய்தி வந்தது: அங்கத்துவம் முடிந்துவிட்டதாம், உடனே புதுப்பித்தால் கழிவு உண்டாம்.

மாமி சோம்பேறி இல்லை. விடிய ஐந்தரைக்கு அயலில் இரண்டு பெண்களோடு வெளிக்கிட்டு, பிரெட்ரிக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரை ஏறி இறங்குகிறார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் அந்த ஏற்றத்தில் மான்களுக்கு நடுவே எத்தனை பேர் கையை வீசி நடக்கிறார்கள்! டச்பே கடற்கரையில் எத்தனை பேர், உட்துறைமுக வீதியில் எத்தனை பேர்! யாரும் அட்டை தொடுவதில்லை, எந்தக் கணினியிலும் இவர்களுக்கு வரி விழுவதில்லை. ஜிம் கொப்பியில் 'நின்றவர்' என்று இருக்கும் பலரை நான் அந்த ஏற்றத்தில் கண்டிருக்கிறேன். 'நம்மவர்களுக்கு அக்கறை இல்லை' என்று எழுதியவர் ஒரு நாள் விடிய அங்கே போய் நின்று பார்த்திருக்கலாம்.

அவர் எழுதிய இன்னொன்றையும் திருத்த வேண்டும். தினம் 10,000 காலடி நடக்காவிட்டால் பலன் இல்லை என்றார். அந்த எண் வைத்தியர்கள் ஆராய்ந்து கண்ட எல்லை அல்ல. 1965இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவியை விற்பதற்குப் பிடித்த எண் அது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் வளர்ந்தவர்களுக்குச் சொல்வது வாரம் 150 முதல் 300 நிமிடம் வரையான மிதமான உடலுழைப்பு, அதற்குக் குறைவாகச் செய்தாலும் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட நல்லது. அரை மணித்தியாலம் வீதம் வாரத்தில் ஐந்து நாள் விறுவிறுப்பாக நடந்தால் 150 நிமிடம் வந்துவிடும். இந்த நாட்டில் பத்தில் எட்டு மரணம் மாரடைப்பு, சீனி வருத்தம் போன்ற தொற்றா நோய்களால் நடக்கிறது. எட்டாத எண்ணை எழுதிச் சனத்தை முதல் வாரத்திலேயே சலிக்கவைக்க வேண்டாம்.

படம் எடுக்கும் விஷயமும் இருக்கிறது. வயிறு குறைந்ததற்கு முன், பின் என்று உறுப்பினர்களின் படத்தைக் கேட்காமலே முகநூலில் போடுகிற வழக்கம் நம் ஊர் ஜிம்கள் சிலவற்றில் உண்டு. எடை, பிரஷர் எல்லாம் எழுதிய கொப்பி முன்மேசையில் திறந்தபடி கிடக்கும், வரவு பதிய எடுக்கும் கைரேகை எங்கே போகிறது என்று கேட்டால் பதில் வராது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலையும் கைரேகை போன்ற உயிரியல் அடையாளங்களையும் விசேட பாதுகாப்புக்குரியவை என்று வகைப்படுத்துகிறது. சட்டத்தின் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது தாமதப்பட்டது உண்மைதான், ஆனால் ஒரு பெண்ணின் படத்தைப் போடும் முன் அவரிடம் கேட்பதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியை இதற்காகவே நின்றார். மாணவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்கள். அவரையும் ஜிம்மில் 'ஆர்வம் இல்லாதவர்' என்றுதான் சொல்வார்கள்.

நம் ஊர் ஜிம் உரிமையாளர்கள் பலர் கடன் எடுத்துத் தொடங்கிய இளைஞர்கள், கெட்டவர்கள் இல்லை. எங்கள் நிறுவனத்தில் இருப்பதுபோன்ற மென்பொருள் அவர்களால் வாங்க ஏலாது. வாங்கத் தேவையும் இல்லை. கடையில் கிடைக்கும் ஒரு சீ.ஆர். கொப்பி போதும்.

ஒரு பக்கத்தில் ஐந்து கோடு போடுங்கள். பெயர், சேர்ந்த நாள், வழக்கமாக வரும் நேரம், கடைசியாக வந்த நாள், நின்ற காரணம். கடைசியாக வந்த நாளைப் பென்சிலால் எழுதுங்கள், ஒவ்வொரு முறையும் அழித்து எழுதலாம். ஞாயிறு இரவு கதவு பூட்டும் முன் அந்தக் கட்டத்தை மேலிருந்து கீழே ஒரு தடவை பாருங்கள். இரண்டு வாரமாகத் திகதி மாறாதவருக்கு அடுத்த நாள் ஒரு கோல். புதிதாகச் சேர்ந்து ஒரு மாதம் ஆகாதவர் என்றால் இரண்டு வாரம் பார்க்க வேண்டாம், ஒரு வாரத்திலேயே எடுங்கள். என் அனுபவத்தில் சனம் நிற்பது பெரும்பாலும் அந்த முதல் மாதத்தில்தான், அதைத் தாண்டியவர் பழகிவிடுவார். "ஏன் அண்ணா வரவில்லை" என்று குற்றம் பிடிக்கிற மாதிரிக் கேட்டால் "வேலை கூட" என்று பொய்தான் வரும். "நேரம் சரிவரவில்லையோ, எந்த நேரம் என்றால் வசதி?" என்று கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னாரோ அதை அவருடைய சொல்லிலேயே கடைசிக் கட்டத்தில் எழுதுங்கள். நாலு மாதம் கழித்து அந்தக் கட்டத்தை மட்டும் வாசித்தால் உங்கள் ஜிம்மில் என்ன பிழை என்று தெரிந்துவிடும்.

அதில் வரக்கூடியவற்றை என்னால் ஓரளவு சொல்ல முடியும். வெக்கையோடு கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே பின்னேரம் நான்கு மணிக்கு நிற்க முடியவில்லை என்று வரும், அந்த மாதங்களில் விடிய ஐந்து மணிக்குத் திறந்தால் சரி. பெண் பயிற்றுநர் இல்லை என்று வரும். பெண்கள் நேரம் ரியூசன் நேரத்தோடு மோதுகிறது என்று வரும். இரவு ஏழு மணிக்குப் பிறகு வீதி விளக்கு எரியாத ஒழுங்கையால் தனியே திரும்ப முடியவில்லை என்று வரும். இந்தக் கடைசிக் குறையை ஜிம்காரர் தீர்க்க முடியாது. அதை எங்கள் உள்ளூராட்சி உறுப்பினர்கள் பார்க்க வேண்டும், கடற்கரை வீதியில் நடக்கும் பெண்களுக்கும் அதே விளக்குத்தான் வேண்டும்.

வருடக் காசைக் கட்டாயப்படுத்தாமல் பத்து வரவுக்கு ஒரு அட்டை விற்றுப் பாருங்கள் என்றும் உரிமையாளர்களைக் கேட்கிறேன். வந்தால் மட்டும் ஒரு கட்டத்தில் கீறல் விழும் அட்டை. அட்டை முடிந்தால்தான் அடுத்த காசு வரும் என்றால், ஆள் வரவேண்டும் என்ற அக்கறை உங்களுக்குத் தானாக வரும். வருட அங்கத்துவத்தில் முதல் நாளே வரும் மொத்தக் காசு வாடகைக்கும் கடனுக்கும் கைகொடுக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நின்றுபோனவர் திரும்பச் சேர்வதில்லை, அவருடைய தங்கச்சியும் அயல்வீட்டாரும் சேர்வதில்லை. அந்த இழப்பு எந்தக் கொப்பியிலும் ஏறாது. வாசகர்களுக்கும் சொல்கிறேன், புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள், கழிவைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். இந்த விஷயத்தைத் திரும்ப எழுதுவதாக இருந்தால், நின்றுபோனவர்கள் சிலரைக் கண்டு கதைத்து எழுதுங்கள். சென்ற கட்டுரையில் ஜிம் உரிமையாளர்களின் பேச்சு இருந்தது, ஒரு வைத்தியரின் பேச்சு இருந்தது. நின்ற ஒருவரின் பேச்சுக்கூட இல்லை.

திருகோணமலையில் ஜிம் நடத்துகிற யாருக்காவது இந்தக் கொப்பியை எப்படித் தொடங்குவது என்று பார்க்க வேண்டுமென்றால், சனிக்கிழமை பின்னேரங்களில் நான் வந்து காட்டித்தருவேன், காசு ஒன்றும் வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் சொல்லிவைத்தால் போதும், என் தொலைபேசி இலக்கத்தை இந்தக் கடிதத்தோடு தனியாக எழுதி இணைத்திருக்கிறேன். அதைப் பிரசுரிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.